கஞ்சா லவுஞ்ச் திறக்க அனுமதி கிடைக்குமா? திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வியாபாரப் பதிவு, விருந்தினர் விடுதிக்கான அனுமதி, வரிப் படிவம் என்று நிரப்பிக் கொடுப்பதுதான் திருகோணமலையில் என் தொழில். சித்திரை பிறந்து கடல் அமரத் தொடங்கினால் உப்புவெளியிலும் நிலாவெளியிலும் கெஸ்ட் ஹவுஸ் வைத்திருப்பவர்கள் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். அண்மைக் காலமாக அவர்கள் வேலை முடிந்து எழும்பும்போது குரலைத் தாழ்த்தி ஒரு கேள்வி கேட்கிறார்கள். "அண்ணை, வெளிநாட்டில் இருக்கிற மாதிரி கஞ்சா புகைக்கிற லவுஞ்ச் ஒன்று இங்கே போட லைசென்ஸ் எடுக்கலாமாம், உண்மையா?" கனடாவிலும் ஜேர்மனியிலும் இருக்கும் உறவுகள் போனில் கேட்பது வேறு விதம்: அங்கே ஒருவர் பங்கு கேட்கிறார், போடலாமா? எல்லோருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒன்றாக எழுதுகிறேன்.

திருகோணமலையில் இதற்கு எந்த அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும்?

எந்த அலுவலகத்திலும் முடியாது. அப்படியோர் அனுமதிப்பத்திரமே இலங்கையில் இல்லை. 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நஞ்சுகள், அபின் மற்றும் அபாயகரமான ஔடதங்கள் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. கஞ்சாவைப் பயிரிடுவது, வைத்திருப்பது, விற்பது எல்லாம் அதன்படி குற்றம். பிரதேச சபை வியாபார உரிமம் கொடுக்கும், சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை விடுதியைப் பதிவு செய்யும், மதுவரித் திணைக்களம் சாராயத்துக்கு உரிமம் கொடுக்கும். கஞ்சா விற்கவோ புகைக்கவோ இடம் நடத்த அனுமதி கொடுக்கும் அதிகாரம் இவை எவற்றுக்கும் இல்லை. "மேலிடத்தில் ஆள் இருக்கிறது" என்று யாராவது சொன்னால், அந்த மேலிடத்துக்கும் அந்த அதிகாரம் இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

என்னிடம் ஒருவர் விண்ணப்பப் படிவமே காட்டினாரே?

எனக்கும் காட்டினார்கள். நிலாவெளித் தம்பி ஒருவர், சொந்தக் காணியில் ஆறு அறை வைத்திருப்பவர், நான்காக மடித்த தாளை மேசையில் விரித்தார். மேலே அரச இலச்சினை, மூன்று மொழியிலும் தலைப்பு, கீழே ஊதா மையில் வட்ட முத்திரை. இலச்சினையின் ஓரம் மங்கிப் போயிருந்தது. படியெடுத்ததன் படி அது. "முற்பதிவுக் கட்டணம்" என்று ஒரு வரி, அதற்கு எதிரே தொகையைப் பேனாவால் எழுதியிருந்தார்கள்.

நான் அவரைத் தேடச் சொன்னது ஒன்றைத்தான்: எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ் இந்த உரிமம் கொடுக்கப்படுகிறது? உண்மையான அனுமதிப்பத்திரத்தில் அது அச்சில் இருக்கும். சாராய உரிமத்தில் இருக்கும், விடுதிப் பதிவில் இருக்கும். அவர் தாளை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இல்லை. எந்த உரிமத்துக்கும் இதுதான் முதற் சோதனை. முத்திரையைப் பார்த்து மயங்காதீர்கள், சட்டத்தின் இலக்கத்தைத் தேடுங்கள். அடுத்த சோதனை, பணம் எங்கே போகிறது என்பது. அரச கட்டணம் என்றால் திணைக்களத்தின் பெயரில் பற்றுச்சீட்டு வரும். ஒருவருடைய சொந்த வங்கிக் கணக்குக்குப் போடச் சொன்னால் அந்த இடத்திலேயே எழும்பி வந்துவிடுங்கள்.

மீரிகமவில் அரசாங்கமே கஞ்சா பயிரிட விட்டிருக்கிறதே?

இந்த வதந்தியெல்லாம் முளைத்தது அதிலிருந்துதான். ஏற்றுமதிக்காகக் கஞ்சா பயிரிடலாமா என்று ஆராய நிபுணர் குழு அமைக்கப்படும் என 2022 நவம்பரில் வரவு செலவுத் திட்ட உரையில் சொல்லப்பட்டது. 2025இல் முதலீட்டுச் சபையின் ஊடாக ஏழு வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு மீரிகமவில் 64 ஏக்கரில் பயிரிட அனுமதி கொடுத்தார்கள். அது மருந்து உற்பத்திக்கு, அதுவும் முழுக்க ஏற்றுமதிக்கு. உள்நாட்டில் விற்க இடமில்லை. நாட்டுக்குள் ஒரு கிராம் கூட விற்க முடியாத திட்டத்தை வைத்து உப்புவெளியில் கடை போடலாம் என்று ஒருவர் சொன்னால், நீங்கள் செய்தியின் தலைப்பை மட்டும்தான் படித்திருப்பீர்கள் என்று அவர் நம்புகிறார்.

சித்த மருத்துவத்திலும் ஆயுர்வேதத்திலும் பயன்படுத்துகிறார்களே, அந்த வழியில் போனால்?

1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ், பதிவு பெற்ற வைத்தியர்கள் மருந்து செய்வதற்கென்று அளவோடு பெற வழி உண்டு. கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் படிப்பிக்கிறார்கள். நம் ஊருக்கு அந்த அறிவு அந்நியமில்லை. ஆனால் அது வைத்தியர் நோயாளிக்குக் கொடுக்கும் மருந்து. சுற்றுலாப் பயணிகளுக்கு மெத்தை போட்டு, பாட்டுப் போட்டுப் புகைக்கக் கொடுப்பதற்கு அந்தச் சட்டத்தில் ஒரு சொல்லும் இல்லை. "வைத்தியர் ஒருவரைப் பங்காளியாகப் போட்டால் சரி" என்ற யோசனையும் வந்தது. அந்த வைத்தியருடைய பதிவும் போகும், அவ்வளவுதான்.

நான் விற்கவில்லை, வெள்ளைக்காரர் தாங்களே கொண்டு வந்து புகைத்தால் எனக்கென்ன? இடம் மட்டும்தானே கொடுக்கிறேன்?

கஞ்சாவைக் கையில் வைத்திருப்பதே இங்கு குற்றம். அது நடக்கத்தான் இடம் கொடுக்கிறேன் என்று நீங்களே பலகை போட்டால், விசாரணை முதலில் யாரிடம் வரும்? தவிர, 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கப் புகையிலை, மதுசார அதிகாரசபைச் சட்டப்படி மூடிய பொது இடங்களில் சாதாரண சிகரெட்டுக்கே தடை. 30 அறைக்குக் குறையாத விடுதியும் 30 இருக்கைக்குக் குறையாத உணவகமும்தான் புகைப்பதற்கென்று தனி இடம் ஒதுக்கலாம். நம் பக்கத்து கெஸ்ட் ஹவுஸ் பலவற்றில் பத்து அறையே இல்லை.

இதில் எனக்கு ஆறாத மனவருத்தம் ஒன்று உண்டு. சில வருடங்களுக்கு முன் கடற்கரை விடுதி ஒன்றில் பொலிஸ் சோதனை நடந்தது. புகைத்துக்கொண்டிருந்த வெளிநாட்டவர் தண்டப்பணம் கட்டிவிட்டு அடுத்த கிழமை விமானம் ஏறிவிட்டார். அவருக்காகப் பொட்டலம் வாங்கிக் கொடுத்த ரூம் பையன், பத்தொன்பது வயது, 14 நாள் விளக்கமறியல், அப்புறம் இன்னுமொரு 14 நாள். அவனுடைய அம்மா என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, முதலாளிக்கு ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னார். சம்பளப் பாக்கியைக் கேட்டுத்தான் கடிதம், பிணைக்குக் காசு வேண்டும். எழுதினேன். பதில் வரவில்லை. லவுஞ்ச் என்று யாராவது பேச்செடுத்தால் எனக்கு முதலில் அந்த அம்மாவின் கையிலிருந்த பிளாஸ்டிக் பைதான் ஞாபகம் வருகிறது. மகனுக்குக் கொண்டுபோகச் சவர்க்காரமும் பிஸ்கட்டும் அதில் இருந்தன.

அந்தப் பையன் பிறகு கட்டாருக்குப் போக விண்ணப்பித்தான். பொலிஸ் நற்சான்றிதழ் கேட்டார்கள். மிச்சத்தை நான் சொல்லத் தேவையில்லை.

சரி, உண்மையிலேயே உரிமம் கொடுக்கும் நாடுகளில் இது எப்படி நடக்கிறது?

ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு மாதிரி. கேள்விப்படுவதற்கும் நடைமுறைக்கும் நிறைய வித்தியாசம்.

நெதர்லாந்துக் காப்பிக் கடைகள்தான் எல்லோருக்கும் தெரிந்தவை. அங்கே அது முழுச் சட்டபூர்வம் இல்லை, பொறுத்துக்கொள்ளும் கொள்கை. 18 வயது ஆகியிருக்க வேண்டும், ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராம், கடையில் இருப்பு 500 கிராமுக்கு மேல் கூடாது, மது கூடாது, விளம்பரம் கூடாது. முன் கதவால் விற்கலாம், ஆனால் பின் கதவால் வரும் சரக்கு சட்டவிரோதம் என்ற முரண் பல பத்தாண்டுகள் நீடித்தது. அதைச் சரிசெய்யத்தான் 10 நகரசபைகளில் பரிசோதனைத் திட்டம் தொடங்கி, 2025 ஏப்ரல் 7 முதல் அங்குள்ள கடைகள் உரிமம் பெற்ற பயிர்ச்செய்கையாளரிடம் மட்டும் வாங்க வேண்டும் என்று ஆக்கினார்கள்.

ஜேர்மனியில் 2024 ஏப்ரல் 1இல் சட்டம் மாறியதும் அங்குள்ள உறவுகள் "இங்கே திறந்துவிட்டார்கள்" என்றார்கள். திறந்தது லவுஞ்ச் அல்ல. சேர்ந்து பயிரிடும் சங்கம், கூடியது 500 பேர். அந்தச் சங்கத்தின் இடத்திலேயே உட்கார்ந்து புகைக்கக் கூடாது என்பதுதான் சட்டம். கனடாவில் 2018 ஒக்டோபர் 17இலிருந்து வாங்கலாம், வைத்திருக்கலாம். ஆனால் நம்மவர் அதிகமாக வாழும் ஒன்ராறியோவில் மூடிய பொது இடத்தில் புகைக்க முடியாது. ஸ்காபரோவில் கடை உண்டு, லவுஞ்ச் உரிமம் இல்லை. ஆகவே "ரொறன்ரோவில் லவுஞ்ச் போடுகிறோம், பங்கு தாருங்கள்" என்று ஒருவர் கேட்டால், நிலாவெளித் தம்பியிடம் கேட்ட அதே கேள்வியைக் கேளுங்கள்: எந்தச் சட்டம், எந்தப் பிரிவு?

லவுஞ்ச் என்றே பெயர் சொல்லி உரிமம் கொடுப்பது அமெரிக்க மாநிலங்கள் சிலதான். நெவாடா 2021இல் ஏபி 341 என்ற சட்டத்தால் வழிவிட்டது. 21 வயது, மது இல்லை, புகையிலை இல்லை. பாடசாலையிலிருந்து 1,000 அடி, பெரிய சூதாட்ட விடுதியிலிருந்து 1,500 அடி தள்ளி இருக்க வேண்டும். லாஸ் வேகாஸில் சூதாட்ட விடுதிக்கு 1,500 அடி தள்ளி என்றால் சனம் நடந்து திரியும் வீதியை விட்டு விலகி என்று அர்த்தம். தனி லவுஞ்ச் கேட்பவர் 2,00,000 டொலர் ரொக்கமாகக் காட்ட வேண்டியிருந்தது. அப்படியும் உரிமம் 2022 நவம்பரில் குலுக்கல் முறையில்தான் போனது. கலிபோர்னியாவில் கஞ்சா லவுஞ்சில் கஞ்சா கலக்காத சாப்பாடும் சமைத்து விற்கலாம், பாட்டுக் கச்சேரியும் வைக்கலாம் என்ற சட்டத்தை ஆளுநர் நியூசம் 2023இல் நிராகரித்தார். வேலை செய்பவர்கள் அந்தப் புகையைச் சுவாசிக்க நேர்கிறதே என்பது அவர் சொன்ன காரணம். தொழிலாளருக்குக் கூடுதல் பாதுகாப்புச் சேர்த்த பிறகுதான் 2024இல் ஒப்பமிட்டார். 2025 ஜனவரி 1 முதல் அது நடைமுறை. நாள் முழுக்க அந்தப் புகைக்குள் நின்று தட்டு எடுக்கும் பிள்ளையின் நெஞ்சைப் பற்றி ஒரு சட்டம் யோசித்திருப்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

லாபம் உண்டா?

எல்லோரும் "தங்கச் சுரங்கம்" என்று நினைத்துக் கேட்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மதுச்சாலையில் ஒருவர் உட்கார்ந்தால் இரண்டாவது கிளாஸ், மூன்றாவது கிளாஸ், பொரித்த கணவாய், சோடா என்று பில் ஏறும். லவுஞ்சில் ஒருவர் நாலு இழுப்பு இழுத்ததும் சாய்ந்து உட்கார்ந்துவிடுகிறார். இரண்டு மணித்தியாலத்துக்கு அவருக்கு வேறொன்றும் வேண்டாம். நாற்காலி அடைபட்டுக் கிடக்கிறது. கணக்குக்காக 40 நாற்காலி என்று வையுங்கள். மாலை ஆறிலிருந்து நள்ளிரவு வரை ஒரு நாற்காலி இரண்டு தடவைதான் சுற்றும். 80 பேர், ஆளுக்கு ஒரு சுருட்டு, ஒரு தேநீர். இதில் வாடகை, காவலாளி, பயிற்சி பெற்ற ஊழியர், உரிமக் கட்டணம் எல்லாம் கழிய வேண்டும். மது விற்கக் கூடாது என்பதால் உணவகங்கள் தப்பிப் பிழைக்கும் வழியும் அடைபட்டுப்போகிறது. ஆகவே நுழைவுக் கட்டணம், மேசைக்கு நேரக் கட்டணம், சாப்பாடு, நிகழ்ச்சி என்று வேறு வழியில்தான் காசு தேட வேண்டும்.

அடுத்தது காற்று. புகைக்கும் அறையின் காற்று பக்கத்து அறைக்குப் போகக் கூடாது, வீதிக்கு மணக்கவும் கூடாது. உள்ளே காற்றழுத்தத்தைக் குறைத்து வைத்து, கரி வடிகட்டியூடாக வெளியே தள்ளும் இயந்திரம் வேண்டும். குளிரூட்டிய காற்றையே திரும்பத் திரும்பச் சுற்ற விட முடியாது, வெளிக்காற்றை எடுத்து எடுத்துக் குளிராக்க வேண்டும். மின்சாரக் கட்டணம் எப்படி வரும் என்று ஏசி போட்ட கெஸ்ட் ஹவுஸ்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

நெவாடாவில் மாநில உரிமத்தோடு முதலில் திறந்த லவுஞ்ச் 2024 பெப்ரவரியில் ஆரவாரமாகத் தொடங்கி, 2025இல் மூடப்பட்டது. கோடிக்கணக்கில் சுற்றுலாப் பயணிகள் வரும் நகரத்தில் அந்த நிலை.

உரிமம் உள்ள இடத்தில் வேலைக்குச் சேர்ந்த உறவுகள் எதைக் கவனிக்க வேண்டும்?

புகைத்தது நிமிடங்களில் ஏறும். தின்றது அரை மணித்தியாலத்திலிருந்து இரண்டு மணித்தியாலம் வரை எடுக்கும், ஏறினால் பல மணித்தியாலம் இறங்காது. வில்லங்கம் பெரும்பாலும் இங்கேதான். வாடிக்கையாளர் ஒரு துண்டு தின்பார், முக்கால் மணித்தியாலம் பார்ப்பார், "ஒன்றும் செய்யவில்லையே" என்று இன்னொன்று கேட்பார். அந்த நேரத்தில் "கொஞ்சம் பொறுங்கள்" என்று சொல்லத் தெரிந்தவர்தான் நல்ல ஊழியர். இரண்டும் ஒன்றாக ஏறினால் நெஞ்சு படபடக்கும், பயம் பிடிக்கும், செத்துவிடுவேன் என்று அழுவார்கள். பக்கத்தில் இருந்து தண்ணீர் கொடுத்து, அமைதியான இடத்தில் இருத்தி, மூச்சுக்கோ நெஞ்சுக்கோ கஷ்டம் என்றால் உடனே அம்புலன்சைக் கூப்பிட வேண்டும். வாகனம் ஓட்டிக்கொண்டு போக விடவே கூடாது.

அமெரிக்காவில் பங்கு போட்டால் விசாவுக்குப் பிரச்சினை வருமா?

வரும். மாநிலம் அனுமதித்தாலும் கூட்டரசுச் சட்டம் கேளிக்கைக்கான கஞ்சாவைத் தடைசெய்கிறது, குடிவரவு அலுவலகம் பார்ப்பது கூட்டரசுச் சட்டத்தை. கஞ்சாத் தொழிலில் வேலை செய்தாலே, மாநிலச் சட்டப்படி சரியாக இருந்தாலும், குடியுரிமை மறுக்கப்படலாம் என்று 2019 ஏப்ரலில் எழுத்தில் அறிவித்துவிட்டார்கள். கிரீன் கார்ட்டோடு இருக்கும் தம்பி, தங்கச்சிமார் இதைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். பத்து வருடம் காத்திருந்து வந்த பத்திரத்தை ஒரு பங்குப் பத்திரத்துக்காகப் பணயம் வைக்காதீர்கள். ஒப்பமிடுவதற்கு முன் அங்குள்ள குடிவரவுச் சட்டத்தரணியிடம் காசு கொடுத்துக் கேளுங்கள்.

இங்கிருந்து முதலீட்டுப் பணம் அனுப்புவதென்றால் அதற்கும் வங்கியில் வெளிநாட்டு முதலீட்டுக்கென்று தனிக் கணக்கு முறை இருக்கிறது. வங்கிக்கு வெளியே ஆள் மூலம் உண்டியலில் அனுப்பினால் பங்கு உங்களுடையது என்று காட்ட ஒரு துண்டும் மிஞ்சாது.

ஊருக்கு வரும்போது கஞ்சா மிட்டாய் கொண்டு வரலாமா? அங்கே சட்டப்படி வாங்கியதுதானே?

கூடாது. கனடாவிலிருந்து வெளியே கொண்டுபோவதே, எவ்வளவு சிறிய அளவானாலும், கனடாச் சட்டப்படி குற்றம். கட்டுநாயக்காவில் இறங்கினால் இங்கத்தைய சட்டம். இன்னொன்றும் இருக்கிறது. வெளிநாட்டுப் பை திறந்தால் வீட்டுப் பிள்ளைகள் முதலில் தேடுவது இனிப்பைத்தான். அது சாதாரண ஜெலி மிட்டாய் போலவேதான் இருக்கும்.

தாய்லாந்து செய்ததே, நாங்கள் ஏன் செய்யக் கூடாது?

தாய்லாந்து 2022 ஜூன் 9இல் கஞ்சாவைத் தடைப்பட்டியலிலிருந்து எடுத்தது. சட்டத்தை முழுதாக எழுதுமுன் கடைகள் முளைத்தன. 2025 ஜூனில் மருத்துவச் சீட்டு இருந்தால் மட்டும் என்று திரும்ப இறுக்கினார்கள். நடுவில் கடன் எடுத்துக் கடை போட்ட சிறு வியாபாரிகள் அந்தரத்தில் நின்றார்கள்.

எனக்கு அந்தச் செடியோடு பகை இல்லை. சிறு அளவோடு பிடிபட்ட பிள்ளைகளைச் சிறைக்கு அனுப்புவதால் யாருக்கும் நன்மை வருவதாக நான் காணவில்லை. சட்டம் மாற வேண்டும் என்று நினைப்பவர்கள் வெளிப்படையாகக் கேட்கட்டும், நாடாளுமன்றத்தில் பேசட்டும். ஆனால் ஒரு நாள் மாறினால், கடற்கரைக் காணி யாருடைய பெயரில் இருக்கும், உள்ளூர்ப் பிள்ளைகள் முதலாளியாக இருப்பார்களா, தட்டு எடுப்பவராக மட்டுமா என்பதை முதலில் கேட்பேன். நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாமலைத் தீவுக்குப் படகு விடுவதிலேயே அந்தச் சண்டை ஓயவில்லை.

நான் ஏற்கனவே முற்பணம் கொடுத்துவிட்டேன். இப்போது என்ன செய்ய?

வெட்கப்பட்டு வீட்டுக்குள் இருக்காதீர்கள், ஏமாந்தவர் நீங்கள் ஒருவர் மட்டுமல்ல. முதலில், இனி ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். "இன்னும் கொஞ்சம் கட்டினால் முடிந்துவிடும்" என்று கட்டாயம் அழைப்பு வரும். வங்கிச் சீட்டு, வட்ஸ்அப் செய்திகள், அந்தப் படிவம் எதையும் அழிக்காமல் படியெடுத்து வையுங்கள். காணி உறுதியைக் கொடுத்திருந்தால் அதுதான் அவசரம். அன்றைக்கே ஒரு சட்டத்தரணியிடம் போய், காணிப் பதிவகத்தில் உங்கள் காணியின் பக்கத்தைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள், புதிதாக ஏதாவது பதிந்திருக்கிறதா என்று. பிறகு அவரையும் கூட்டிக்கொண்டு பொலிஸில் முறைப்பாடு கொடுங்கள். நிலாவெளித் தம்பி உறுதியைக் கொடுக்கவில்லை, கொடுக்கத் தயாராக உறையில் போட்டு வைத்திருந்தார். அன்று என் மேசையிலிருந்து எழும்பும்போது அந்த உறையை மார்போடு அணைத்துக்கொண்டு போனார்.